இரண்டாம் எண் சுடலைமணி

புளியறை சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளாவுக்குள் போகும் லாரிகளில் பாதி, சுடலைமணியின் கடை வாசலில் நின்றுவிட்டுத்தான் போகும். இருபத்தாறு வருஷமாக அங்கே புரோட்டா போடுகிறார். அவரைத் தெரியாத டிரைவர் அந்தச் சாலையில் இருந்தால், அவர் நேற்றுத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தாம் சுடலைமணிதான் என்று நிரூபிப்பதற்கு ஏழு மாதம் அலைந்தார். போலிப் பத்திரங்களை ஒழிக்க அரசாங்கம் கடுமையான சட்டம் போட்டிருக்கிறது அல்லவா? அது வேலை செய்ததால் வந்த வினை.

கீழப்பாவூர் போகிற வழியில் அவருக்கு அறுபத்திரண்டு சென்ட் நன்செய் உண்டு. மகள் இசக்கிசெல்விதான் அதில் பயிர் வைக்கிறாள். மகள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நல்ல நாள் பார்த்து, சாரலூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். வாசலில் ஆளுயரப் பலகை இருந்தது. ‘இது போலி ஆவணம் நுழையாத அலுவலகம்.’

எதிரே ஆவண எழுத்தர் பேச்சிராஜின் கடை. பேச்சிராஜ் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார். பிறகு சுடலைமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, இந்த நெலத்தத்தான் நீங்க தை மாசமே வித்துட்டியளே!”

“யாரு, நானா?”

“ஆமா. குமரகுருன்னு ஒருத்தரு வாங்கியிருக்காரு. பிளாட் போடுதவரு. பத்திரம் நான்தான் எழுதுனேன். ஒரு எழுத்துப் பிழை கெடையாது.”

பத்திர நகலில் விற்றவரின் புகைப்படம் இருந்தது. ஒல்லியான முகம், ஒழுங்காக வெட்டிய மீசை, நெற்றியில் மூன்று கோடு திருநீறு. சுடலைமணிக்கு உருண்டை முகம். மீசை கிடையாது. அடுப்பு அனலில் இருபத்தாறு வருஷம் நின்றவருக்கு மீசை வைக்கத் தைரியம் வராது.

“இது யாருவே?”

“சுடலைமணி.”

“அப்ப நான் யாரு?”

“அத மேடத்துகிட்டதான் கேக்கணும்” என்றார் பேச்சிராஜ். “நான் பத்திரம் மட்டுந்தான் எழுதுதேன்.”

சார்பதிவாளர் லோகநாயகி நேர்மையானவர். கை நீட்டாதவர். பதினாறு வருஷ சர்வீஸில் அவர் ஒரு விதியைக்கூட மீறியதில்லை, ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விதியைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. சுடலைமணி சொன்னதைக் குனிந்தபடியே கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல போலிப் பத்திரம் பதிவாக வாய்ப்பே இல்லைங்க. இப்ப சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். மூலப்பத்திரத்தோட ஒரிஜினலைக் காட்டாம யாரும் நிலத்தை விக்க முடியாது.”

“அப்படிச் சொல்லுங்க தாயி! ஒரிஜினல் இந்தா என் கையிலல்லா இருக்கு! அவன் எப்படிக் காட்டியிருப்பான்?”

“அவர் காட்டலை.”

“பெறகு?”

“ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுன்னா அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. போலீஸ்ல புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கலைன்னு சான்று வாங்கணும். பேப்பர்ல விளம்பரம் கொடுக்கணும். அவர் ரெண்டும் கொண்டுவந்தார். ஃபைலை அவ்வளவு அழகா வச்சிருந்தார்.”

சுடலைமணி மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். முத்திரைத் தாள், கோபுரச் சின்னம், இருபது வருஷத்துக்கு முந்தைய அவருடைய கைரேகை, எல்லாம் இருந்தன. லோகநாயகி அதைப் புரட்டினார். அவர் நெற்றி சுருங்கியது.

“இந்தப் பத்திரம் காணாமல் போச்சுன்னு காவல்துறை சான்று கொடுத்திருக்கு.”

“காணாம போகலயே தாயி. பெட்டியிலதான் கெடந்துச்சு.”

“அரசாங்கம் காணோம்னு சொன்ன பத்திரம் உங்க கையில எப்படி வந்தது?”

தம்முடைய பத்திரம் தம்மிடம் எப்படி வந்தது என்று சுடலைமணி அதுவரை யோசித்ததே இல்லை.

லோகநாயகி பத்திரிகை விளம்பரத்தை வாசித்துக் காட்டினார். யாரும் வாங்காத ஒரு நாளிதழின் ஏழாம் பக்கத்தில் அது வந்திருந்தது. ‘மாடசாமி மகன் சுடலைமணி ஆகிய எனது கிரையப் பத்திரம் தென்காசி பேருந்துப் பயணத்தில் தவறிவிட்டது. கண்டெடுப்போர் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்.’

“சட்டப்படி நீங்க இதை அவர்கிட்ட ஒப்படைக்கணும்” என்றார் லோகநாயகி. “வச்சிருந்தா உங்களுக்குத்தான் சிக்கல். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

வெளியே வேப்பமரத்தடியில் மனைவி சங்கரம்மாள் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

“பத்திரத்த குடுத்துட்டா வந்திய?”

“இல்ல. பையில வச்சிட்டு ஓடி வந்துட்டேன்.”

“அந்தமட்டுக்குப் புத்தி இருந்துச்சே” என்றாள் சங்கரம்மாள். “திருடன் கூட வீடு தேடி வந்துதான் பறிப்பான். இவ்வ கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுதாவளே!”

போலி ஆவண ஒழிப்புச் சிறப்பு அலுவலர் என்று ஓர் உயர் அதிகாரி உண்டு. பெயர் கணேசமூர்த்தி. அவருக்கு மனு போடச் சொன்னார்கள். போட்டார். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் மனு மீதான விசாரணை, மாநில அளவிலான போலி ஆவண ஒழிப்புப் பயிலரங்கத்தையொட்டி, குற்றாலம் விருந்தினர் மாளிகையில் ஆனி மாதம் நடைபெறும்.’

சென்னையில் இருக்கிற அதிகாரிகளுக்கு எங்கள் மாவட்டத்தின்மேல் உள்ள அக்கறை, தென்மேற்குப் பருவக்காற்றோடு சேர்ந்து வருவது. சித்திரையில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஆனியில் சாரல் விழுந்தவுடனே ஆய்வு, தணிக்கை, பயிலரங்கம், குறைதீர் முகாம் என்று ஜீப் ஜீப்பாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு கோப்பும் நாலு துண்டும் இருக்கும்.

சுடலைமணி முதல் விசாரணைக்குப் போனபோது விருந்தினர் மாளிகையில் யாருமில்லை. காவலாளி சொன்னார்: “ஐயா ஐந்தருவிக்குப் போயிருக்காவ. சாயங்காலம் எண்ணெய் தேய்க்க ஆளு வருது. நாளைக்கு வாரும்.”

மறுநாள் ஐயா பழைய அருவியில் இருந்தார். அதற்கு மறுநாள் புலியருவி. நாலாவது தடவை காவலாளியே மனம் இரங்கி ஒரு ரகசியம் சொன்னார்.

“அண்ணாச்சி, அருவியில தண்ணி நல்லா விழுந்தா ஐயா குளிப்பாவ. தண்ணியே இல்லன்னா ஊருக்குப் போயிருவாவ. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடணும். அன்னைக்கு மட்டுந்தான் விசாரணை.”

அன்று முதல் சுடலைமணி, மலையில் மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டார். உழவர்கள் பயிருக்காக மழை கேட்பார்கள். அந்த நிலம் தம்முடையதுதான் என்று சொல்வதற்கே மழை கேட்ட உழவர் அவர் ஒருவர்தான். கடைக்கு வரும் டிரைவர்களிடமெல்லாம் “மேல மழை எப்படி?” என்று விசாரித்தார். சங்கரம்மாள் வீட்டில் செய்திச் சானலை அணைக்கவே இல்லை.

ஆடி பதினொன்றாம் தேதி காலை, எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வந்தது. சுடலைமணி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தம்மை அடையாளம் காட்ட எட்டு லாரி டிரைவர்களையும் கூட்டிக்கொண்டார்.

விருந்தினர் மாளிகை வராந்தாவில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான முகம், வெட்டிய மீசை, திருநீறு, மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. சுடலைமணியைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்.

“வாங்க அண்ணாச்சி. நீங்கதானே உண்மையான சுடலைமணி? உக்காருங்க.”

சுடலைமணிக்குக் கோபத்தில் வாய் குழறியது. “ஏலே, நீ... நீதான அவன்?”

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. எனக்கு இது அஞ்சாவது பேரு. ஐப்பசி வரைக்கும் கடையத்துல சிவசைலமா இருந்தேன். நல்ல மனுசன் அவரு. இன்னமும் கேஸ் நடத்துதாரு.” பெருமூச்சு விட்டார். “நம்ம தொழிலும் முன்ன மாதிரி இல்ல. இந்தச் சட்டம் வந்த பெறகு எத்தன சான்றிதழு, எத்தன கியூவு! ஒத்தப் பத்திரத்துக்கு ஒன்றர மாசம் ஆகுது. நேர்மையான ஆளுக இத எப்படித்தான் தாங்குதியளோ!”

உள்ளே கூப்பிட்டார்கள். கணேசமூர்த்தி தலையில் ஈரமில்லாத எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லோகநாயகி, குனிந்த தலையோடு. குழப்பம் வராமலிருக்க இருவருக்கும் எண் கொடுக்கப்பட்டது. பதிவேட்டில் படம் உள்ளவர் சுடலைமணி எண் 1. படம் இல்லாதவர் சுடலைமணி எண் 2.

“ஐயா, நான்லா முதல்ல பொறந்தேன்!” என்றார் எண் 2.

“பிறப்பு வேற துறை” என்றார் கணேசமூர்த்தி. “எங்க ரெக்கார்டுல சுடலைமணின்னா இந்த முகம். உங்க முகம் அதோட ஒத்துப்போகலை. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சாட்சி இருக்கா?”

எட்டு டிரைவர்களும் முன்னால் வந்தார்கள். கொல்லத்துக்காரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “சாரே, இது நம்முடெ சுடலைச் சேட்டன் தன்னே. பத்துப் பதினஞ்சு வருஷமாயிட்டு அறியும்.”

“இவங்களை அலுவலகத்துக்குத் தெரியுமா?” என்று கணேசமூர்த்தி லோகநாயகியிடம் கேட்டார்.

“தெரியாது சார். இவங்க யாரும் இதுவரை எந்தப் பத்திரத்துலயும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை.”

“அலுவலகத்துக்கு அறிமுகமில்லாத சாட்சியை எப்படி ஏத்துக்க முடியும்? எண் 1, உங்களுக்கு?”

எண் 1 திரும்பிப் பார்த்தார். பேச்சிராஜின் கடையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் எழுந்து வணங்கினார்கள். தினமும் பத்துப் பதினைந்து பேரை அடையாளம் காட்டுகிறவர்கள். அலுவலகத்தில் அவர்களைத் தெரியாதவர்கள் கிடையாது.

“இவங்க போதும்” என்றார் கணேசமூர்த்தி.

பிறகு, ஆனியிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்த பயிலரங்கம் தொடங்கியது. கேட்க ஆள் குறைவாக இருந்ததால், மனுதாரர்களையும் உட்கார வைத்தார்கள். கணேசமூர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“ஒரு காலத்தில் போலிப் பத்திரம் எப்படி இருந்தது? அடித்தல், திருத்தல், அழிந்த ரேகை, ஒட்டவைத்த படம். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். இன்று நிலைமை என்ன? சட்டத்தைக் கடுமையாக்கினோம். ஒருவர் ஒரு போலிப் பத்திரம் பதிய வேண்டுமானால் இன்று பதினொரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும். தரம் உயர்ந்துவிட்டது! சென்ற ஆண்டு நம்மிடம் பதிவான போலி ஆவணங்களில் ஒன்றையாவது குறை சொல்லித் திருப்பி அனுப்ப முடிந்ததா? முடியவில்லை! அரைகுறையாகப் போலி செய்கிறவர்களை அறவே ஒழித்திருக்கிறோம்!”

கைதட்டல் எழுந்தது. எண் 1 சுடலைமணிதான் கடைசிவரை தட்டினார்.

இடைவேளையில் சுடலைமணி அதிகாரியின் காலடிக்கே போய்விட்டார். “ஐயா, என் மகளுக்கு அந்த வயல விட்டா வேற கதியில்ல. அவன் சுடலைமணி இல்லன்னு ஒங்களுக்கே தெரியுமே.”

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். மனிதர் கெட்டவர் அல்ல. “நல்லாவே தெரியும். பச்சைப் போலி.”

“அப்ப அந்தப் பத்திரத்த ரத்து பண்ணிப் போடுங்க!”

“ரத்து பண்ற அதிகாரத்தைச் சட்டம் எங்களுக்குக் கொடுத்தது. அது செல்லாதுன்னு கோர்ட்டு எடுத்துட்டது. எதுவா இருந்தாலும் சிவில் கோர்ட்டுல பாத்துக்கங்க.”

“அப்ப இந்த விசாரணை எதுக்கு ஐயா?”

“விசாரிக்கிற அதிகாரத்தை யாரும் எடுக்கலையே!”

அதற்குள் தடை நீங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஐந்து நிமிஷத்தில் அரங்கம் காலி.

ஆவணியில் குமரகுருவின் ஆட்கள் வயல் வரப்பில் வந்து நின்றார்கள். கார் நெல் பால் பிடித்திருந்தது. இன்னும் இருபத்தைந்து நாளில் அறுக்கலாம். அவர்கள் கொடுத்தது பதினைந்து நாள். அதன்பின் மண்ணடித்துக் கல் ஊன்றப்போவதாகச் சொன்னார்கள். இசக்கிசெல்வி அப்பாவுக்குப் போன் செய்து அழுதாள்.

சுடலைமணி ஒரு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கேட்ட முதல் கேள்வி: “பத்திரத்துல இருக்கிறவன் நீங்க இல்லை, சரி. நீங்கதான் சுடலைமணின்னு அரசாங்க அதிகாரி யாராவது எழுத்துல கொடுத்திருக்காங்களா?”

“ஆதார் இருக்கே.”

“அவன்கிட்டயும் இருக்கே.”

கடைசியில் பேச்சிராஜிடம் போனார். கூடவே சங்கரம்மாளும். பேச்சிராஜ் யோசிக்கவே இல்லை.

“உண்மையைச் சொல்லி இந்த ஆபீஸ்ல ஒரு காரியமும் ஆகாது அண்ணாச்சி. அதுக்கு ஃபாரமே கெடையாது. நெலம் இப்ப குமரகுரு பேருல இருக்கு. நீங்க குமரகுருவா வாங்க. ஒங்க மகளுக்கு எழுதிக் குடுங்க. குமரகுருவோட ஒரிஜினல் காணாம போச்சுன்னு சான்று, விளம்பரம், ஆதாரு எல்லாம் நாலே நாள்ல நான் பாத்துக்கிடுதேன், அவசரத்துக்குன்னு தனி ரேட்டு உண்டு. ரெண்டு சாட்சியும் நம்ம ஆளுகதான்.”

“மேடம் கண்டுபிடிச்சிட்டா?”

“மேடம் என்னைக்கு மூஞ்சியப் பாத்திருக்காவ? பேப்பரத்தான் பாப்பாவ.”

சுடலைமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “வேண்டாம்வே. நான் ஒருத்தன் சொத்துக்கும் பொய் சொன்னதில்ல.”

சங்கரம்மாள் அவரைத் தனியாக இழுத்துப் போனாள்.

“ஏங்க, ஏழு மாசமா நான் சுடலைமணி, நான் சுடலைமணின்னு கத்துதிய. ஒருத்தராவது நம்புனாவளா?”

“இல்ல.”

“ஒரு தடவ இல்லன்னுதான் சொல்லிப் பாருங்களேன்.”

அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. முப்பது வருஷத்தில் அது புதிதும் அல்ல. சரி என்றார்.

டோக்கன் எண் பதினேழு. “குமரகுரு!” என்று கூப்பிட்டார்கள். கண்ணாடியும் புதுச் சட்டையுமாகச் சுடலைமணி போய் நின்றார். கோப்பு ஏழு நிமிஷத்தில் தேறியது. பதினொரு சான்றிதழும் வரிசையாக இருந்தன. லோகநாயகிக்கு முகத்தில் லேசான திருப்திகூடத் தெரிந்தது.

“உங்க பேரு?”

“கு... குமரகுரு தாயி.”

அந்த ‘தாயி’யில் லோகநாயகியின் பேனா நின்றது. சர்வீஸில் முதல்முறையாக அவர் நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கண்ணாடியைக் கழட்டுங்க.”

கழற்றினார்.

“நீங்க குமரகுரு இல்ல. நீங்க சுடலைமணி!”

சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே அடியில் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். சுடலைமணியின் கண்ணிலிருந்து மளமளவென்று நீர் கொட்டியது. பயத்தினால் என்று லோகநாயகி நினைத்தார்.

“ஆமா தாயி” என்றார் சுடலைமணி. “நல்லாத் தெரியுமா? நான் சுடலைமணிதானா?”

“தெரியாம என்ன? ஏழு மாசமா இந்தக் குரலைக் கேட்டுட்டு இருக்கேன். மாடசாமி மகன் சுடலைமணி. புளியறையில கடை வச்சிருக்கீங்க. என்கிட்டயே ஆள்மாறாட்டமா? இது ஏழு வருஷத் தண்டனைக் குற்றம். போலீசைக் கூப்பிடுறேன்!”

பின்பக்கப் பெஞ்சிலிருந்து சங்கரம்மாளின் குரல் கேட்டது. “ஏங்க, வாயால சொன்னா ஆகாது. எழுதி வாங்குங்க!”

லோகநாயகி போலீசுக்குப் புகார் எழுதினார். விதிப்படி, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார். ‘மேற்படி நபர், எனக்கு நேரில் நன்கு அறிமுகமான, மாடசாமி மகன் சுடலைமணியே என்பதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்கிறேன்.’ கையெழுத்து, தேதி, கோபுர முத்திரை எல்லாம் விழுந்தன. காவல் நிலையத்தில் சுடலைமணியின் உருண்டை முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார்கள். பத்து விரல் ரேகையும் எடுத்து, பழைய கிரையப் பத்திரத்தின் ரேகையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று சான்று கொடுத்தார்கள். குற்றவாளி தப்பிவிடக் கூடாதல்லவா?

அந்தப் புகார் நகலை வக்கீல் சிவில் கோர்ட்டில் நீட்டினார். சார்பதிவாளரே உறுதி செய்த சுடலைமணி இவர் என்றால், தை மாதம் நிலத்தை விற்ற சுடலைமணி யார் என்று நீதிபதி கேட்டார். பதில் சொல்ல எண் 1 வரவில்லை. அப்போது அவர் வேறு ஊரில் வேறு யாராகவோ இருந்தார். வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று குமரகுருவுக்கு இடைக்காலத் தடை வந்தது. கொடுத்த கெடுவில் மூன்று நாள் பாக்கி இருந்தது.

சுடலைமணி மேலுள்ள ஆள்மாறாட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஜாமீனில் இருக்கிறார். தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. இசக்கிசெல்வியின் வயலில் அறுவடை மெஷின் இறங்கிய அன்றும் அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

காவலர் பதிவேட்டைத் தள்ளினார். சுடலைமணி முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். அவர்தானா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.